ஊர் எப்போதும் மேலே இருக்கும்: அந்தலூசியாவின் வெள்ளை ஊர்களுக்குச் சைக்கிளில் ஒரு முழு வழிகாட்டி

‘இங்கிருந்து அடுத்த ஊர் 18 கிலோமீட்டர்தானே, முக்கால் மணி நேரத்தில் போய்க் காபி குடித்துவிடலாம்’ என்று வரைபடத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டவன் நான். காபி கைக்கு வந்தபோது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. கோப்பையைப் பிடித்த கை நடுங்கியது.

தப்பு வரைபடத்தில் இல்லை. தெற்கு ஸ்பெயினின் அந்தலூசியாவில், ரோண்டா நகரைச் சுற்றியிருக்கும் மலைகளில், ஊர் எப்போதும் மேலேதான் இருக்கும். 1248இல் செவில்யா நகரம் காஸ்தில் என்ற கிறிஸ்தவ நாட்டு அரசரின் கைக்குப் போனது. கிரனாடாவின் சுல்தான்களோ 1492 வரை தாக்குப்பிடித்தார்கள். நடுவில் ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டு இந்த மலைத்தொடர்தான் எல்லை. ஆர்கோஸ் தே லா ஃபிரோந்தேரா என்ற ஊர்ப்பெயரின் வாலுக்கே ‘எல்லையிலுள்ள’ என்றுதான் அர்த்தம். எல்லையில் குடியிருப்பவன் பள்ளத்தில் வீடு கட்டுவானா? பாறை உச்சியில் ஒரு கோட்டை, அதன் இடுப்பைச் சுற்றிச் சுண்ணாம்பு அடித்த வீடுகள். எதிரிப் படை மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வர வேண்டும் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடங்கள் இவை. அங்கேதான் நாம் பணம் கட்டிப் போய் மிதித்து ஏறுகிறோம்.

அதனால் இந்தப் பயணத்தைக் கிலோமீட்டரில் திட்டமிடாதீர்கள், ஏறும் மீட்டரில் திட்டமிடுங்கள். நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. மணிக்கு 20 கி.மீ. என்று தூரத்துக்கு நேரம் போடுங்கள். ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் அதோடு 10 நிமிடம் கூட்டுங்கள். 85 கி.மீ. தூரமும் 1,500 மீட்டர் ஏற்றமும் உள்ள நாள் என்றால் நாலே கால் மணி, இரண்டரை மணி, ஆக ஆறே முக்கால் மணி நேரம். காபிக்கும் படம் எடுப்பதற்கும் தனி.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

மார்ச் கடைசியிலிருந்து மே வரை, அல்லது அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் உள்நாட்டுப் பகுதிகளில் வெயில் 40 டிகிரியைத் தொடும். ‘நமக்கு வெயில் பழக்கம்தானே’ என்ற வீம்பு வேண்டாம். மரநிழல் இல்லாத சாலையில், மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஏறும்போது மேலே காற்றுகூடப் படாது.

குளிர்காலத்தில் வேறு சிக்கல். இந்தப் பயணத்தின் நடுவிலிருக்கும் கிராஸலேமா, ஸ்பெயினிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. ஆண்டுக்கு 2,000 மி.மீட்டருக்கு மேல் பெய்யும். அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் முட்டுவது இந்த மலையில்தான். வறண்ட பூமி என்று நாம் நினைக்கும் அந்தலூசியாவில் பின்ஸாப்போ என்ற அபூர்வமான ஊசியிலை மரக்காடு பிழைத்துக் கிடப்பதும் அந்த மழையால்தான். வசந்த காலத்தில் போனாலும் மடித்துச் சட்டைப்பையில் வைக்கும்படியான மழைக்கோட்டு ஒன்று இருக்கட்டும்.

காற்றுக்கு இங்கே பெயர் உண்டு. கிழக்கிலிருந்து வருவது லெவாந்தே, மேற்கிலிருந்து வருவது பொனியெந்தே. காலையில் கடைக்காரர் ‘இன்று லெவாந்தே’ என்று உதட்டைப் பிதுக்கினால், கிழக்கு நோக்கித் திரும்பி வரும் வழியைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

2. விசா, தங்கும் இடம்

ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோ அளவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். அந்தக் காப்பீட்டில் சைக்கிள் விபத்து அடங்குமா என்று படித்துப் பாருங்கள். சிலவற்றில் அதைச் சாகச விளையாட்டுக் கணக்கில் தள்ளியிருப்பார்கள்.

மலாகா விமான நிலையத்திலிருந்து ரோண்டா சுமார் 100 கி.மீ. முதல் இரண்டு நாளுக்கு ரோண்டா, அப்புறம் கிராஸலேமா. இரண்டே இடத்தில் தங்கினால் போதும். தினம் ஒரு ஊரில் தங்கி மூட்டையோடு ஏறுவது கேட்க நன்றாக இருக்கும். 4 கிலோ மூட்டையின் அருமை 7 சதவீத ஏற்றத்தில்தான் தெரியும்.

3. சைக்கிளை வாடகைக்கு எடுங்கள், கியரை எண்ணிப் பாருங்கள்

சொந்தச் சைக்கிளைப் பெட்டி கட்டி விமானத்தில் ஏற்றுவதை நான் விட்டுவிட்டேன். வாடகைக்கே நல்ல வண்டி கிடைக்கிறது. உங்கள் ஊர்ச் சைக்கிளில் மிதியின் நடுவச்சிலிருந்து சீட்டின் மேல்பகுதிவரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுதி எடுத்துப் போங்கள். மிதியும் காலணியும் பழகியதாகவே இருக்கட்டும். முடிந்தால் சீட்டும்.

இனி முக்கியமான விஷயம். முன்னால் சிறிய செயின் வீலில் 34 பல், பின்னால் கேசட் என்கிற பற்சக்கர அடுக்கில் பெரியது 34 பல். இதற்குக் குறைவாக ஒத்துக்கொள்ளாதீர்கள். ஏன் என்று கணக்கிலேயே பார்த்துவிடலாம். 34க்கு 34 என்றால் ஒரு மிதிச் சுற்றுக்குச் சக்கரம் சரியாக ஒரு சுற்று, அதாவது சுமார் 2.1 மீட்டர். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 8.8 கி.மீ. ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்தால், 8 சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்துக்கு ஏறக்குறைய 180 வாட் சக்தி வேண்டும். வாரம் மூன்று நாள் ஓட்டுகிறவரால் அது முடியும். பின்னால் 28 பல்தான் இருக்கிறது என்றால் அதே 70 சுற்றுக்கு 10.7 கி.மீ. வேகம், சுமார் 220 வாட். அது முடியாதபோது சுற்று 55, 50 என்று விழும். அப்போது நுரையீரல் செய்ய வேண்டிய வேலையை முழங்கால் செய்யும்.

எனக்கு நடந்தது இதுதான். மின்னஞ்சலில் 34 பல் கேட்டேன், சரி என்று பதில் வந்தது. கடையில் வண்டி பளபளவென்று நின்றது, பார்த்த மயக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் ஏற்றத்தில் கடைசிக் கியரிலிருந்து இன்னொன்று தேடி விரலால் லீவரைத் தட்டிக்கொண்டே இருந்தேன். ஒன்றும் விழவில்லை. ஓரம் கட்டிக் குனிந்து எண்ணினேன். 28. ஆகவே கடையிலேயே மண்டியிட்டு எண்ணுங்கள். எண்ண வராவிட்டால் பற்சக்கரத்தின் முகத்தில் சிறிதாகப் பொறித்திருக்கும் எண்ணைத் தேடுங்கள்.

டயர் 28 அல்லது 30 மி.மீ. அகலம். இரண்டு டியூப், டயர் லீவர், சிறிய பம்பு. பின்விளக்கும் முன்விளக்கும் பகலிலும் எரியட்டும்.

4. பிரேக்கும் வலது பக்கமும்

ஒரு பழக்கத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். நம் ஊர்ச் சைக்கிளில் வலது கை லீவர் முன்பிரேக். ஸ்பெயின் வண்டிகளில் பெரும்பாலும் இடது கையில்தான் முன்பிரேக். அவசரத்தில் கை பழைய பழக்கத்துக்கே போகும். பின்பிரேக்கை மெல்லத் தொடுவதாக நினைத்துக்கொண்டு இடது கையை இறுக்கினால் ஹேண்டில்பாருக்கு மேல் பறப்பீர்கள். முதல் நாள் காலை காலியான ஒரு வாகன நிறுத்தத்தில் 20 நிமிடம் சுற்றிச் சுற்றி வந்து பழகுங்கள். மாற்றிப் பொருத்தித் தர முடியுமா என்று கடையில் கேட்டுப் பார்ப்பதிலும் தப்பில்லை.

வண்டிகள் வலது பக்கம் போகும். நேர்ச் சாலையில் இது மறக்காது. காபிக் கடையில் நிறுத்திவிட்டு, எதிரே யாரும் இல்லாத சாலையில் மறுபடி கிளம்பும் அந்த முதல் பத்து மீட்டரில்தான் மறக்கும். நான் இரண்டு முறை இடது பக்கம் போயிருக்கிறேன், இரண்டும் காபிக்குப் பிறகு. ரவுண்டானாவில் இடமிருந்து வரும் வண்டியைப் பாருங்கள்.

ஊருக்கு வெளியே ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். உங்களை முந்தும் கார் குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும், விடவும் செய்கிறார்கள். பின்னாலேயே ஒரு கார் ஹாரன் அடிக்காமல் வளைவு முடியும்வரை பொறுமையாக உருண்டு வரும்போது முதலில் கூச்சமாகத்தான் இருக்கும். இருவர் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டலாம். அவசர உதவிக்கு 112.

5. மணிக்கூண்டோடு ஒத்துப்போங்கள்

ஏற்றத்துக்கு அடுத்தபடி ஆளைக் கவிழ்ப்பது மதியத் தூக்கம். 2 மணிக்குக் கடைகள் மூடும், 5 மணிக்குத்தான் திறக்கும். ஞாயிற்றுக்கிழமை அதுவும் சந்தேகம். காபிக் கடைகள் மட்டும் இருக்கும். மதியச் சாப்பாடு 2 மணிக்கு முன் தயாராகாது, 4 மணிக்கு மேல் கிடைக்காது. காலை 8 மணிக்குக் கிளம்பி, 2 மணிக்குக் கடைசி ஏற்றத்தை முடித்து ஒரு ஊர்ச் சதுக்கத்தில் உட்கார்வதுதான் சரியான நாள்.

காலையில் தக்காளி விழுதும் ஆலிவ் எண்ணெயும் தடவிய ரொட்டி, பால் காபி. இதை எந்தக் குக்கிராமத்திலும் தருவார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். சாலட் என்றாலே சூரை மீன் தூவி வரும். சால்மொரேஹோ என்ற குளிர்ந்த தக்காளிச் சூப்பின் தலையில் பன்றித் தொடைக் கறி உட்கார்ந்திருக்கும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் இந்த இரண்டும் அவர்கள் கணக்கில் இறைச்சி ஆகாது. ‘சின் கார்னே, சின் ஹமோன், சின் அத்தூன்’ (இறைச்சி, பன்றித் தொடைக் கறி, சூரை மீன் இல்லாமல்) என்று மூன்றையும் சொல்லுங்கள். கீரையும் கொண்டைக்கடலையும் சேர்ந்த எஸ்பினாக்காஸ் கொன் கர்பான்ஸோஸ் பட்டியலில் இருந்தால் யோசிக்காதீர்கள்.

வழியில் சாப்பிட ஊரிலிருந்து கடலை மிட்டாய் கொண்டு போகலாம். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து வேண்டும், அதில் பாதிக்கு மேல் அதுவே பார்த்துக்கொள்ளும். பால் சேர்ந்த இனிப்பை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டு போக அனுமதி இல்லை. பால்கோவாவைக் கிளம்புமுன்பே சாப்பிட்டுவிடுங்கள்.

தண்ணீருக்கு ஊர்தோறும் குழாய் உண்டு. ‘நோ பொதாப்ளே’ என்ற பலகை இருந்தால் குடிக்கக் கூடாது. பலகையே இல்லையென்றால் பக்கத்தில் நிற்கும் பாட்டியைக் கேளுங்கள்.

6. முதல் நாள்: ரோண்டா, செத்தெனில், திரும்ப ரோண்டா (சுமார் 40 கி.மீ.)

உடம்பைப் பழக்கும் நாள். ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே, ஆரியாத்தே வழியாகப் போகும் அலை அலையான சாலை. பெரிய ஏற்றம் எதுவும் இல்லை. ஆனால் சமதளமும் இல்லை.

‘ஊர் மேலே’ என்ற விதிக்குச் செத்தெனில் தே லாஸ் போதெகாஸ் பாதி விலக்கு. கோட்டை மேலேதான் இருக்கிறது. வீடுகளோ ஆறு குடைந்த பள்ளத்தாக்கில், பாறைக்கு அடியில் செருகியிருக்கின்றன. பாறையே கூரை, முன்னால் மட்டும் ஒரு வெள்ளைச் சுவரும் கதவும். ஒரு தெருவின் பெயர் ‘வெயில் குகைகள்’, எதிர்த் தெரு ‘நிழல் குகைகள்’. நிழல் தெருவில் இரண்டு பக்கப் பாறையும் தலைக்கு மேல் சேர்ந்துவிடும். 1407இல் காஸ்தில் படை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பிய ஊர் இது. 1484இல்தான் விழுந்தது.

தெருவுக்குள் இறங்கும்போது வண்டியைத் தள்ளிக்கொண்டே போங்கள். தேய்ந்த கற்கள், ஈரம் பட்டால் சோப்பு. காலணியின் அடியில் இரும்புக் கட்டை இருந்தால் இன்னும் மோசம்.

7. இரண்டாம் நாள்: புறாக் கணவாய் (சுமார் 85 கி.மீ.)

இதற்காகத்தான் வந்தோம். ரோண்டாவிலிருந்து வடமேற்கே இறங்கி ஸாரா தே லா சியெர்ரா, அங்கிருந்து புவெர்த்தோ தே லாஸ் பலோமாஸ் கணவாய் ஏறிக் கிராஸலேமா, அப்புறம் ரோண்டா. எதிர்த்திசையிலும் போகலாம், அது எளிது. கடினமான பக்கத்தைக் காலைக் குளிரில் ஏறுவதுதான் என் தேர்வு. கால் ஓய்ந்த பிறகு 12 கி.மீ. செங்குத்தாக இறங்குவதைவிட, கால் புதிதாக இருக்கும்போது ஏறிவிடுவது பத்திரம்.

ஸாரா முதலில் தண்ணீரில்தான் தெரியும். நீலப்பச்சை நிற அணைத்தேக்கம், அதன் மேல் ஒரு பாறைக்கூர், கூரின் நுனியில் ஒற்றைக் கோபுரம். 1481 டிசம்பரில் கிரனாடாவின் படை இந்தக் கோட்டையைத் திடீரெனத் தாக்கிப் பிடித்தது. அந்தத் தாக்குதலைத் தொட்டுத் தொடங்கிய போர் 1492இல் கிரனாடாவே விழுந்தபோதுதான் ஓய்ந்தது. அந்தக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே ஊருக்கு ஏற வேண்டும். காபி, ரொட்டி, இரண்டு பாட்டிலும் நிறைய. அடுத்த கடை கிராஸலேமாவில்தான்.

ஏற்றம் சுமார் 12 கி.மீ., சராசரி 6 முதல் 7 சதவீதம். முதல் 15 நிமிடம் உங்களுக்கு எளிதாகத் தோன்றினால்தான் சரியான வேகத்தில் போகிறீர்கள். பேசிக்கொண்டே போக முடிய வேண்டும். தனியாகப் போனால் பல்லவி ஒன்றைப் பாடிப் பாருங்கள், வரி நடுவில் மூச்சு முட்டினால் வேகம் அதிகம். சீட்டில் உட்கார்ந்தே மிதியுங்கள். கொண்டை ஊசி வளைவுகளின் உள்பக்கம் செங்குத்து, வெளிப்பக்கம் சாய்வு குறைவு. எதிரே வண்டி இல்லையென்று தெளிவாகத் தெரிகிற இடங்களில் மட்டும், உங்கள் தடத்துக்குள்ளேயே, சற்று அகலமாகத் திரும்புங்கள். அந்த மூன்று நான்கு மிதிதான் ஓய்வு. அரைமணிக்கு ஒருமுறை, பசி இல்லாவிட்டாலும், ஒரு துண்டு கடலை மிட்டாய்.

பாதி வழியில் மரங்கள் பின்தங்கிவிடும், சுண்ணாம்புப் பாறை தொடங்கும். சாலையில் ஒரு நிழல் என்னைத் தாண்டி ஓடியது. மேகம் என்று நினைத்தேன். நிமிர்ந்தால், தலைக்கு மேல் ஒரு தென்னை உயரத்தில் ஒரு பாறுக் கழுகு. சிறகை ஒருமுறைகூட அடிக்காமல் என்னைச் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருக்கும் கர்காந்தா வெர்தே என்ற பள்ளத்தில் அவை கூட்டமாகக் கூடு கட்டியிருக்கின்றன. பெயர் என்னவோ புறாக் கணவாய். நான் அங்கே ஒரு புறாவையும் பார்க்கவில்லை. 28 பல்லில் ஊர்ந்துகொண்டிருந்த அந்த நேரத்தில் பிணந்தின்னிப் பறவை நம்மை நோட்டம் விடுவது அவ்வளவு உற்சாகமான காட்சி இல்லை. எதிரே இறங்கி வந்த காரிலிருந்து ஒரு பெரியவர் கையை வெளியே நீட்டி, ‘பெங்கா, பெங்கா!’ என்று கத்திவிட்டுப் போனார். ‘வா, வா, விடாதே’ என்று பொருள். அதில் ஒரு கிலோமீட்டர் போனேன்.

உச்சியில் நின்றவுடன் சட்டை வியர்வையில் ஒட்டியிருக்கும், காற்றோ குளிரும். படம் எடுக்குமுன் மழைக்கோட்டை மாட்டுங்கள்.

இறக்கத்துக்குச் சில சொற்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் பிரேக்கைப் பிடிக்காதீர்கள். தொடர்ந்து தேய்த்துக்கொண்டே போகாமல், அழுத்திப் பிடித்து விடுங்கள், பிரேக் ஆற வேண்டும். வெளிக்காலைக் கீழே வைத்து அழுத்துங்கள். கண், வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும். இங்கே ஆடுகளும் மாடுகளும் சாலையில் படுத்திருக்கும், மணியோசை கேட்டால் அடுத்த வளைவில் அவை இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். வார இறுதியில் மோட்டார் சைக்கிள்காரர்கள் வளைவை அறுத்துக்கொண்டு வருவார்கள், நடுக்கோட்டை ஒட்டிப் போகாதீர்கள்.

கிராஸலேமாவில் கல்லில் செதுக்கிய முகங்களின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டும் பழைய ஊற்று ஒன்று இருக்கிறது. தலையை நனைத்துக்கொண்டு சாப்பிடப் போங்கள். ஊர் கம்பளி நெசவுக்குப் பேர்போனது. போர்வை வாங்க ஆசை வரும், சைக்கிளில் கொண்டுபோக இடம் வராது. அங்கிருந்து ரோண்டாவுக்கு இன்னும் 30 கி.மீட்டருக்கு மேல் உண்டு, அதிலும் மேடுகள் உண்டு. ஏற்றம் முடிந்துவிட்டது என்று இங்கே ஒயின் குடிப்பவர்கள் பிறகு வருந்துகிறார்கள்.

8. மூன்றாம் நாள்: கிராஸலேமாவிலிருந்து ஒரு வட்டம் (55 முதல் 60 கி.மீ.)

கிராஸலேமாவுக்கு ஜாகையை மாற்றிக்கொண்டு, இந்த வட்டத்தைத் தெற்கே தொடங்குங்கள். வில்யாலுவெங்கா தெல் ரொசாரியோ, காதிஸ் மாகாணத்திலேயே உயரமான ஊர். பயோயா என்ற உள்ளூர் ஆட்டினத்தின் பாலில் செய்யும் பாலாடைக்கட்டி இங்கே புகழ்பெற்றது. அடுத்து பெனாஓகாஸ், அங்கிருந்து தோல் பைகளுக்குப் பேர்போன உப்ரீக்கே வரை நல்ல இறக்கம். பக்கத்திலேயே ரோமானியர் காலக் கல்பாதை ஒன்றும் கீழே இறங்குகிறது. சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள்.

எல் பொஸ்கேயில் சாப்பிட்டுத் தண்ணீர் நிரப்புங்கள். அங்கிருந்து பெனமாஓமா வழியாக 1,103 மீட்டர் உயரமுள்ள போயார் கணவாய். சுமார் 15 கி.மீ., சராசரி 5 சதவீதத்துக்குச் சற்று மேல். பலோமாஸைவிட நீளம், ஆனால் இரக்கம் உள்ளது. 2024ஆம் ஆண்டு, ஸ்பெயினைச் சுற்றும் பெரிய சைக்கிள் பந்தயமான வுவெல்ட்டாவின் போட்டியாளர்கள் இதே ஏற்றத்தில் ஏறினார்கள். அன்றைய கட்டத்தை ஹெரெஸில் ஒரு பல்பொருள் அங்காடிக்குள்ளிருந்து தொடங்கி வைத்தார்கள், யுன்கேராவில் ஆஸ்திரேலியாவின் பென் ஓ’கானர் வென்றார். அவர்கள் ஏறிய நேரத்தோடு உங்கள் நேரத்தை ஒப்பிடாதீர்கள். உச்சியிலிருந்து கிராஸலேமா வரை வெறும் இறக்கம்தான்.

கால் கெஞ்சினால் இந்த வட்டத்தை விட்டுவிட்டு வடக்கே வியா வெர்தே தே லா சியெர்ரா பாதைக்குப் போங்கள். ரயிலுக்காகப் போட்டு, ஒரு ரயில்கூட ஓடாத தடம் அது. ஓல்வெராவிலிருந்து புவெர்த்தோ செர்ரானோ வரை 36 கி.மீ., 30 சுரங்கங்கள். ரயில் ஏற வேண்டிய சாய்வு என்பதால் மிதமாகவே இருக்கும். தார் கிடையாது, ஆகவே மெல்லிய டயர் சரிவராது, அகலமான டயர் உள்ள வண்டியை அங்கேயே வாடகைக்கு எடுங்கள். இந்தப் பகுதியில் மேடு ஏறாமல் ஓட்டக்கூடிய வழி எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அதற்கும் முதலில் ஓல்வெராவிலிருந்து இறங்க வேண்டும். மாலையில் படுக்கை ஓல்வெராவில் என்றால், ரயில் நிலையத்திலிருந்து கோட்டையும் தேவாலயமும் நிற்கும் அந்தக் குன்றுக்கு மிதித்துத்தான் ஏற வேண்டும்.